ஐயம் கொண்ட அப்போஸ்தலர்

(பத்தாம் வகுப்பு மாணவி, முள்ளிப்பட்டு)

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. பாடம் நடக்கும்போது எவளாவது இரண்டு கேள்விக்கு மேல் கேட்டுவிட்டால் போதும், அவளுக்குச் சந்தேகத் தோமையார் என்று பட்டம் சூட்டிவிடுவார்கள். அந்தப் பட்டம் எனக்கு ஏழாம் வகுப்பிலேயே கிடைத்தது. இன்றுவரை வேறு யாருக்கும் கைமாறவில்லை. முதலில் அழுகை அழுகையாக வந்தது. பிறகுதான் யார் இந்தத் தோமையார், அப்படி என்னதான் சந்தேகப்பட்டார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, பட்டம் சூட்டிய தோழியர் மீது இருந்த கோபம் போய்விட்டது.

பழைய உலகில் அற்புதங்களுக்குப் பஞ்சமே இல்லை. கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்னும் ஊரில் அஸ்கிலிப்பியஸ் என்ற மருத்துவத் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருந்தது. நோயாளிகள் இரவில் அங்கே படுத்து உறங்குவார்கள். கனவில் தெய்வம் வந்து குணமாக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்தக் கற்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ரோமச் சக்கரவர்த்தி வெஸ்பாசியன் கி.பி. 70ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நகரில் தம் உமிழ்நீரால் ஒரு குருடனுக்குப் பார்வை தந்தார் என்று டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். நம் பக்கமும் குறைவில்லை. செய்யாற்றங்கரையில் உள்ள திருவோத்தூரில் திருஞானசம்பந்தர் பதிகம் பாட, காய்க்காத ஆண் பனைகள் குலை தள்ளின என்று பெரியபுராணம் கூறுகிறது. நெற்றி நிறைய விபூதி பூசும் என் ஆயா அந்தக் கதையைச் சொல்லும்போது, அந்தப் பனையின் நுங்கைத் தானே தின்றவர் போலச் சொல்வார்.

இப்படிப்பட்ட கதைகள் பலவற்றில் புதுமையைக் கண்டவர்களும் கேட்டவர்களும் உடனே நம்பினார்கள் என்று வரும். கேட்டும் நம்ப மறுத்த ஒருவர், பின்னாளில் தாமே புதுமைகள் செய்தவராகப் போற்றப்படுவதைத் தோமையாரிடம் காண்கிறோம்.

அவருடைய பிறப்பு, பெற்றோர், இளமை பற்றி நற்செய்தி நூல்கள் ஒன்றும் சொல்லவில்லை. தோமா என்ற சொல்லுக்கு அரமேய மொழியில் இரட்டையர் என்று பொருள். கிரேக்கத்தில் அதையே திதிம் என்றார்கள். யாரோடு இரட்டையராகப் பிறந்தார் என்பதும் எழுதப்படவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் பன்னிரு அப்போஸ்தலர்களின் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர் பேசுவதை நாம் கேட்பது யோவான் நற்செய்தியில் மட்டுமே.

அங்கே அவர் முதலில் வாய் திறக்கும் இடம் சந்தேகமே அல்ல. பெத்தானியாவில் இலாசர் நோயுற்றபோது இயேசு பெருமான் யூதேயாவுக்குத் திரும்பிப் போக எண்ணினார். சில நாட்களுக்கு முன்புதான் அங்கே அவர்மீது கல்லெறியப் பார்த்தார்கள். சீடர்கள் நடுங்கினார்கள். அப்போது மற்றவர்களைப் பார்த்து, நாமும் போய் அவரோடு சாவோம் என்ற கருத்தில் பேசியவர் தோமையாரே. இதற்காக யாரும் அவருக்கு வீரத் தோமையார் என்று பெயரிடவில்லை. மனிதன் ஒருமுறை தயங்கியதைத்தான் உலகம் நினைவில் வைத்துக்கொள்ளும் போலும்!

இரண்டாவது இடம் இராவுணவின்போது. இயேசு தாம் போகும் இடத்துக்கு வழி உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல, எல்லோரும் தெரிந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள். தோமையார் மட்டும், போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார். வகுப்பில் நாற்பது பேருக்கும் புரியாத கணக்கை ஒருத்தி எழுந்து நின்று கேட்பது போலத்தான் இது. பதில் கிடைத்தபோது நாற்பது பேருக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

மூன்றாவது நிகழ்ச்சி உலகறிந்தது. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றியபோது தோமையார் அங்கே இல்லை. திரும்பி வந்தவரிடம் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவரோ, ஆணி பாய்ந்த தழும்பில் விரலை இட்டு, விலாவில் கையை இட்டுப் பார்த்தாலன்றி நம்ப மாட்டேன் என்றார். எட்டு நாட்களுக்குப் பின் இயேசு மறுபடியும் வந்து, அதே விரலை நீட்டச் சொன்னார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோமையார் தொட்டார் என்று நற்செய்தியில் எழுதியிருக்கவில்லை. தொடும்படி அழைக்கப்பட்டார், உடனே இயேசுவைத் தம் ஆண்டவரும் கடவுளுமாக ஏற்று அறிக்கையிட்டார், அவ்வளவே. ஓவியர்கள்தான் அவர் விரலைத் தழும்புக்குள் நுழைத்துவிட்டார்கள். 1600ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த படம் அவற்றுள் மிகப் புகழ் பெற்றது. அதை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். தோமையாரின் சட்டைத் தோளில் தையல் பிரிந்திருக்கிறது. ஏழைப் பாட்டாளியாக அவரைக் காட்டிய அந்த ஓவியரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

விவிலியம் அவரை இத்தோடு ஏறக்குறைய விட்டுவிடுகிறது. திபேரியாக் கடலில் மீன் பிடிக்கப் போனவர்களிலும், பிறகு எருசலேமின் மேல்மாடியில் செபித்தவர்களிலும் அவர் பெயர் இருக்கிறது. அதன்பின் என்ன ஆனார் என்பதைச் சொல்வது தோமாவின் பணிகள் என்ற பழைய சிரியா மொழி நூல். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதேசா நகரத்தில் அது எழுதப்பட்டிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். திருச்சபை அதைத் திருநூல்களில் சேர்க்கவில்லை. ஆனாலும் கதை சுவையானது.

அப்போஸ்தலர்கள் உலக நாடுகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டார்களாம். தோமையாருக்கு இந்தியா விழுந்தது. அவர் போக மறுத்தார். உடம்பு வலுவில்லை, அந்த ஊர்ப் பாஷையும் தெரியாது என்று சாக்குச் சொன்னார். அந்தச் சமயம் கொண்டோபரஸ் என்ற இந்திய அரசன், தச்சு வேலையும் கட்டட வேலையும் தெரிந்த ஓர் ஆளைத் தேடி அப்பான் என்ற வணிகனை அனுப்பியிருந்தான். இயேசு கடைத்தெருவில் அவனுக்குத் தோன்றி, தோமையாரை அடிமையாக விற்றுச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்! இவர்தான் உன் எசமானரா என்று வணிகன் இயேசுவைக் காட்டிக் கேட்டபோது, ஆம் என்பதைத் தவிர தோமையாரால் வேறென்ன சொல்ல முடியும்? மறுநாள் கப்பலேறினார்.

அரசன் அரண்மனை கட்டப் பெரும் பொருள் கொடுத்தான். தோமையார் அதையெல்லாம் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் செலவிட்டார். அரசன் விசாரிக்க ஆள் அனுப்பியபோது, கட்டடம் முடிந்துவிட்டது, கூரைதான் பாக்கி என்று சொல்லியனுப்பி மேலும் பணம் பெற்றார். ஒருநாள் அரசன் நேரில் வந்து பார்த்தால் ஒரு செங்கல்லும் இல்லை. அரண்மனை விண்ணுலகில் இருக்கிறது, இறந்த பிறகுதான் பார்க்கலாம் என்று தோமையார் சொல்ல, அவரைச் சிறையில் தள்ளினான். அன்றிரவே அரசனின் தம்பி காத் இறந்தான். அவன் ஆவி விண்ணுலகில் ஓர் அழகிய மாளிகையைக் கண்டு, அது அண்ணனுடையது என்று அறிந்து, அதை விலைக்கு வாங்க அண்ணனிடம் அனுமதி கேட்பதற்காகவே உயிர்பெற்று எழுந்து வந்ததாம்.

இந்தக் கதையை ஆயாவுக்குச் சொன்னேன். செத்தவன் பிழைத்ததில் ஆயா கொஞ்சமும் வியக்கவில்லை. அவர் கதைகளில் அது அடிக்கடி நடப்பதுதான். ராஜா வீட்டுப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் உயிரோடு தப்பினாரே என்பதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இவையெல்லாம் கட்டுக்கதை, கொண்டோபரஸ் என்று ஓர் அரசனே இருந்ததில்லை என்று வெகுகாலம் பலர் எண்ணியிருந்தார்கள். எந்த வரலாற்று நூலிலும் அந்தப் பெயர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் பழைய நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தபோது, அவற்றில் அதே பெயர் பொறித்திருந்தது! பெஷாவருக்கு அருகே தக்த்-இ-பாகி என்ற இடத்தில் அவனுடைய ஆட்சியின் 26ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டும் கண்டெடுக்கப்பட்டது. அது கி.பி. 46ஐ ஒட்டியது என்பது பல அறிஞர்களின் கணக்கு. தக்சசீலத்தை ஆண்ட பார்த்திய அரசன் அவன். தோமையார் வாழ்ந்த காலமும் அதுவே. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அரசன் உண்மையில் இருந்தான் என்பதால் விண்ணுலக மாளிகையும் உண்மை என்று ஆகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கதை எழுதியவர் எல்லாவற்றையும் காற்றிலிருந்து பிடிக்கவில்லை என்பது புலப்பட்டதல்லவா?

தக்சசீலத்திலிருந்து தென்னாட்டுக்கு அவர் எப்படி வந்தார் என்பதற்கு அந்த நூலில் பதில் இல்லை. கேரளத்தின் பெயரோ மயிலாப்பூரின் பெயரோ அதில் வருவதில்லை. எங்கள் வீட்டுத் தறியில் பாவு இழை அறுந்தால் அப்பா இரண்டு நுனிகளையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். ஒரு நுனி கிடைக்காவிட்டால் வேறு துண்டு இழை வைத்துப் பிணைப்பார். உற்றுப் பார்த்தால் அந்த இடம் தெரியும். தோமையாரின் வாழ்க்கையிலும் இங்கே அப்படி ஓர் இடம் இருக்கிறது.

மறு நுனி கேரளத்தில் இருக்கிறது. அங்குள்ள தோமையார் கிறிஸ்தவர்களின் மரபுப்படி அவர் கி.பி. 52ல் கொடுங்கல்லூர் அருகே கரையிறங்கினார். இது நடக்க முடியாத காரியமன்று. பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடலிலிருந்து நேரே மலையாளக் கரைக்கு வர அக்காலத்து மாலுமிகள் அறிந்திருந்தார்கள். யவனரின் மரக்கலங்கள் மிளகுக்காக முசிறிக்கு வந்ததைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். கொடுங்கல்லூர், பாலையூர், பரவூர், கோக்கமங்கலம், நிரணம், கொல்லம், நிலைக்கல் ஆகிய ஊர்களில் அவர் ஏழு திருச்சபைகளை நிறுவினார் என்பர். நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் உள்ளதை அரைப்பள்ளி என்று சொல்லி, ஏழரை என்று கணக்கிடுவதும் உண்டு.

பாலையூரில் நடந்ததாகச் சொல்லப்படும் புதுமை மிக அழகானது. குளத்தில் அந்தணர்கள் நீரை அள்ளி மேலே எறிந்து வழிபட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எறிந்த நீர் ஏற்கப்பட்டிருந்தால் ஏன் கீழே விழுகிறது என்று தோமையார் கேட்டார். பார்த்தீர்களா, இங்கேயும் கேள்விதான்! பிறகு அவர் நீரை அள்ளி மேலே வீச, அது துளித்துளியாக அந்தரத்தில் நின்று மின்னியதாம், பூக்களாகவும் மாறிற்றாம். பௌதிகம் படிக்கும் எனக்கு இதை நம்புவது கடினம். ஆனால் கேள்வியைத் தோமையாரின் வாயில் வைத்தவர்கள் அவரை நன்றாக அறிந்தவர்கள் என்று மட்டும் சொல்வேன்.

பின்னர் அவர் மயிலாப்பூர் வந்தார். அங்கே வழங்கும் மரக்கட்டைப் புதுமையைப் போர்த்துக்கீசியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடலில் மிதந்து வந்த ஒரு பெரிய மரம் கரையில் ஒதுங்கியது. அரசன் யானைகளையும் ஆட்களையும் விட்டு இழுத்தும் அது அசையவில்லை. தோமையார் தம் இடுப்புக் கச்சையை அவிழ்த்து அதில் கட்டி இழுக்க, கன்றுக்குட்டி போல் பின்னால் வந்ததாம். அந்த மரத்தைக் கொண்டே ஆலயம் கட்டினார் என்பர். தச்சருக்கு மரம் அடங்கிற்று என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

சைதாப்பேட்டையை அடுத்த சின்னமலையில் ஒரு குகையில் அவர் தங்கிச் செபித்தார், மக்களின் தாகம் தீர்க்கப் பாறையில் கோலால் அடித்து ஊற்று வரவழைத்தார் என்பதும் மரபு. பகைவர்கள் துரத்தியபோது குகையின் பின்புறத் துவாரம் வழியே தப்பிப் பரங்கிமலைக்கு ஓடினார். அங்கே செபத்தில் இருந்தபோது ஈட்டியால் குத்தப்பட்டு, கி.பி. 72ல் வேதசாட்சியாக உயிர் துறந்தார். தோமாவின் பணிகள் நூலிலும் ஒரு மலையில் நான்கு வீரர்கள் அவரை ஈட்டியால் குத்தியதாகவே உள்ளது. உயிர்த்த ஆண்டவரின் விலாவில் ஈட்டித் தழும்பைப் பார்க்கக் கேட்டவருக்கே ஈட்டி! இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ கேட்டறிந்த கதை வேறு. தோமையார் காட்டில் தம் குடிசைக்கு வெளியே செபித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி மயில்கள் மேய்ந்தன. ஒரு வேடன் மயிலைக் குறி வைத்து எய்த அம்பு, அவன் கண்ணில் படாத தோமையார்மேல் பாய்ந்துவிட்டது. பகையும் இல்லை, வேதசாட்சியும் இல்லை, வெறும் விபத்து. மயில் ஆர்க்கும் ஊரான மயிலாப்பூருக்கு இந்தக் கதை எவ்வளவு இசைவாக இருக்கிறது! நம் ஆலயங்களில் இதை யாரும் சொல்வதில்லை. இரண்டில் எது உண்மை என்று தீர்ப்பதற்கு நான் யார்? ஆயினும் இந்த இரண்டாவது கதையை மறைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அவர் இறந்த பிறகும் புதுமைகள் ஓயவில்லை. ஆறாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஆயர் கிரகோரியார், தியோடோர் என்னும் பயணி சொல்லக் கேட்டதாக, இந்தியாவில் தோமையாரின் கல்லறை இருந்த இடத்தில் எண்ணெய் ஊற்றாமலே இரவும் பகலும் எரியும் விளக்கு ஒன்று இருந்தது என்று எழுதினார். கல்லறைச் சிவந்த மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுத்தால் குணமாகும் என்று மக்கள் நம்பியதை மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். பரங்கிமலையில் 1547ல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த பாலவி மொழி எழுத்துகள் கொண்ட கற்சிலுவை, 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் இரத்த வியர்வை வியர்த்ததாகவும், 1704 வரை பலமுறை அது நடந்ததாகவும் குறிப்புகள் உள்ளன. அந்த எழுத்துகளைக் கொண்டு, சிலுவை தோமையார் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்.

என்னை மிகவும் குழப்பியது எலும்புகளின் கணக்குத்தான். ஒரு வணிகர் அவர் எலும்புகளை இந்தியாவிலிருந்து எதேசாவுக்குக் கொண்டுபோனதை நான்காம் நூற்றாண்டிலேயே புனித எப்ரேம் பாடியிருக்கிறார். இன்று அந்நகரம் துருக்கியில் ஊர்ஃபா என்ற பெயரில் உள்ளது. பின்னர் அவை கியோஸ் தீவுக்கும், 1258ல் இத்தாலியின் ஒர்தோனா நகருக்கும் போயின. இன்றும் அங்கே வணங்கப்படுகின்றன. ஆனால் 1523ல் போர்த்துக்கீசியர் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகளும் ஓர் ஈட்டி முனையும் மண் நிறைந்த பானையும் கிடைத்தன என்கிறார்கள். எல்லாம் எதேசாவுக்குப் போயிருந்தால் இவை யாருடையவை? ஒரு பகுதி மட்டுமே போயிருக்கலாம் என்பது வழக்கமான பதில். இந்தக் கேள்வியை நான் வகுப்பில் கேட்டபோது தோழியர் எல்லோரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. இதே கேள்வியைத் தாமும் கேட்டதுண்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

கல்லறையின்மேல் இன்று நிற்கும் சாந்தோம் பேராலயம் 1896ல் கட்டி அர்ச்சிக்கப்பட்டது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கே வந்து செபித்தார். தோமையாரின் திருநாளை முன்பு டிசம்பர் 21ல் கொண்டாடினார்கள். இப்போது ஜூலை 3ல் கொண்டாடுகிறோம்.

சென்ற ஆண்டு பள்ளிச் சுற்றுலாவில் எங்களைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். பரங்கிமலைப் படிகளில் ஏறும்போது, அவற்றைக் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான் என்று நான் சொல்ல, மூச்சு வாங்கிய தோழியர் அவரைத் திட்டினார்கள். சின்னமலைக்குப் போனபோது மாலையாகிவிட்டது. குகையின் வாசல் குனிந்து போகும்படி இருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி வாசனை, ஈரப் பாறை. துவாரத்துக்கு அருகே பாறையில் ஒரு பள்ளம். தப்பி ஓடியபோது தோமையார் பிடித்த கைத்தடம் என்று காட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா அதை முத்தமிட்டுவிட்டு நகர்ந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்று அவசரப்படுத்தினார்கள். நான் கையை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தேன். பாறை குளிர்ச்சியாக இருந்தது. ஆயிரமாயிரம் கைகள் பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. என் கை முழுவதும் அதற்குள் அடங்கி, சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.